விமான நிலையத்திலிருந்து மருத்துவமனை வரை: அந்த ஒரு மணி நேரமும் சிகிச்சையே

வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வருவோருக்கு நாங்கள் அனுப்பும் முன்பதிவுக் கடிதத்தில் பல செய்திகள் இருக்கும். எந்த நாளில் எந்த அறைக்கு வர வேண்டும், பழைய எக்ஸ்ரே படங்களில் எவற்றைக் கொண்டுவர வேண்டும், எத்தனை மணி நேரம் உண்ணாமல் இருக்க வேண்டும், எந்த மாத்திரையை அன்று காலையில் தவிர்க்க வேண்டும் என்றெல்லாம் எழுதுகிறோம். சென்னையில் விமானத்தை விட்டு இறங்கியவர் எங்கள் வாசல்வரை எவ்வாறு வந்து சேர்வது என்பது பற்றிப் பல ஆண்டுகளாக ஒரு வரிகூட எழுதியதில்லை. அது எங்கள் வேலையன்று என்று கருதியிருந்தோம். அக்கருத்து தவறானது என்பதை ஒரு நோயாளியின் மகள் எங்களுக்கு உணர்த்தினார்.

அந்நோயாளி போர்ட் பிளேரில் வாழும் முதியவர். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உடையவர். சில பரிசோதனைகளுக்காக மே மாதத்தில் மகளுடன் வந்தார். விமானப் பயணம் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. விமானத்தின் வாசலில் சக்கர நாற்காலி வேண்டுமா என்று கேட்டவரிடம், “நான் நடக்க முடியாதவனா என்ன?” என்று கூறி மறுத்துவிட்டார். காரை இறங்கியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று குடும்பத்தினர் நினைத்திருந்தனர். மகள் கைபேசிச் செயலியில் கார் பதிவு செய்தார். கார் நிற்கும் இடம் முனையத்தின் வாசலில் இல்லை. பல அடுக்கு வாகன நிறுத்துமிடத்தில் இருந்தது. பெட்டிகளுடன் இருவரும் அங்கு நடந்து சென்றபோது ஓட்டுநர் பயணத்தை ரத்து செய்திருந்தார். அடுத்த காருக்காக மேலும் நாற்பது நிமிடம் நின்றனர். முதியவருக்கு மூச்சிரைப்பு தொடங்கியது. இன்ஹேலர் பெரிய பெட்டிக்குள் இருந்தது. அப்பெட்டி துணிகளோடு கட்டப்பட்டு, பின்னர் காரின் டிக்கிக்குள் சென்றது. எங்கள் வாசலை அடைந்தபோது அவரது இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 81 விழுக்காடு. புறநோயாளர் அறைக்கு வர வேண்டியவர் அவசரப் பிரிவுக்குச் சென்றார். அங்கிருந்து மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார்.

அவர் நலம் பெற்று ஊர் திரும்பினார். விடைபெறும்போது அவர் மகள் குற்றம் சாட்டும் தொனியின்றி ஒன்று கேட்டார்: “காரை முதலிலேயே ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செய்திருப்போமே, டாக்டர்?” எங்களிடம் விடை இல்லை. இக்கட்டுரை அவ்வினாவுக்குக் காலம் தாழ்த்தி நாங்கள் எழுதும் விடை.

எங்கள் கருத்து இதுதான்: உடல்நலம் குன்றிய ஒருவர் புதிய நகருக்கு விமானத்தில் வருகிறார் என்றால், அவரை ஏற்றிச்செல்லும் காரை விமானச் சீட்டு வாங்கும் நாளிலேயே ஏற்பாடு செய்ய வேண்டும். அதை வசதி படைத்தோரின் ஆடம்பரமாகக் கருதலாகாது. மருந்துச் சீட்டில் எழுதப்பட்ட மருந்தைப் போல அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதி. அதை நினைவூட்டும் கடமை மருத்துவமனைக்கு உண்டு.

பறந்து வந்த உடல்

விமானம் வெகு உயரத்தில் பறக்கும்போது அதன் உட்புறக் காற்றழுத்தம் தரையில் இருப்பதைப் போல இருப்பதில்லை. சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலைமேல் இருப்பதற்கு அது ஒப்பானது. உதகமண்டலம் ஏறத்தாழ 7,300 அடி உயரத்தில் உள்ளது என்பதை நினைவில் கொண்டால் இது எளிதில் விளங்கும். கடல்மட்டத்தில் 21 விழுக்காடு ஆக்சிஜன் கொண்ட காற்றைச் சுவாசித்துப் பழகிய நுரையீரலுக்கு, 8,000 அடி உயரம் என்பது ஏறத்தாழ 15 விழுக்காடு ஆக்சிஜன் கொண்ட காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். நலமுள்ளவர் இதை உணர்வதில்லை. நுரையீரலோ இதயமோ பழுதுற்றவர் அந்த இரண்டு மூன்று மணி நேரமும் தம் கையிருப்பைச் செலவழித்துக்கொண்டே வருகிறார்.

தரையிறங்கியதும் காற்று பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. களைப்பு அவ்வளவு விரைவில் நீங்குவதில்லை. அதிகாலையில் எழுந்தது, பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றது, கழிவறைக்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் இருந்தது, வழக்கமான வேளையில் உணவும் மருந்தும் தவறியது ஆகிய அனைத்தும் ஒன்று சேரும் நேரம் அது. அந்த நேரத்தில்தான் பெட்டிகளை இழுத்துக்கொண்டு அறிமுகமற்ற இடத்தில் கார் தேடி நிற்கிறோம். விமானத்தில் நோயாளிக்கு உதவப் பணியாளர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனையில் நாங்கள் இருக்கிறோம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஒரு மணி நேரத்தில் அவருக்கு யாரும் பொறுப்பில்லை.

எல்லோருக்கும் தனிக் கார் தேவை என்று நாங்கள் கூறவில்லை. இரண்டு மாடி ஏறி இறங்கக்கூடிய, கைப்பையுடன் மட்டும் மறுபரிசோதனைக்கு வரும் நோயாளிக்கு மெட்ரோ இரயில் நல்ல வழி. 2016ஆம் ஆண்டு முதல் அது விமான நிலையத்திலிருந்தே புறப்படுகிறது; நெரிசலில் சிக்காது; செலவும் குறைவு. எதிரே திரிசூலம் புறநகர் இரயில் நிலையமும் உண்டு. ஆனால் சமதரையில் நூறு மீட்டர் நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டியவர், அண்மையில் அறுவை சிகிச்சை முடித்தவர், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டு நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருப்பவர், டயாலிசிஸ் நாளைத் தள்ளிப்போட முடியாதவர், இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதியவர், நினைவு தடுமாறும் பெற்றோர் ஆகியோருக்குக் கார் முன்னரே வந்து காத்திருக்க வேண்டும். காருக்காக நோயாளி காத்திருக்கும் நிலை வரக்கூடாது.

ஏற்பாடு செய்யும்போது கேட்க வேண்டியவை

தனிக் கார் என்றவுடன் தொலைபேசியில் ஒரு எண்ணுக்குப் பேசி முடித்துவிடுகிறோம். கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன.

முதலாவது, சந்திக்கும் இடம். சென்னையில் உள்நாட்டு விமானங்கள் முதல் முனையத்திலும் நான்காம் முனையத்திலும் வந்து செல்கின்றன. பன்னாட்டு விமானங்கள் இரண்டாம் முனையத்தில். எந்த முனையம், எந்த வாசல், ஓட்டுநர் பெயர்ப்பலகையுடன் வாசலுக்கு வருவாரா, அங்கிருந்து கார் எவ்வளவு தொலைவில் நிற்கும் என்று தெளிவாகக் கேளுங்கள். “வந்ததும் போன் செய்யுங்கள்” என்ற விடையை ஏற்காதீர்கள். இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வருவோரின் கைபேசி இறங்கியவுடன் இங்கு இயங்காமல் போகலாம். செயலிகள் அனுப்பும் ரகசிய எண்ணும் வராமல் போகலாம். ஓட்டுநரின் பெயர், கைபேசி எண், கார் எண் ஆகியவற்றை முதல் நாள் இரவே பெற்று, ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியின் மின்கலம் தீர்ந்தாலும் தாள் இருக்கும்.

இரண்டாவது, காத்திருப்பு. விமானத்தின் எண்ணைக் கார் நிறுவனத்திடம் கொடுங்கள். தாமதமானால் அவர்களே அறிந்துகொள்வார்களா என்று கேளுங்கள். கூறப்படும் கட்டணத்தில் சுங்கம், வாகன நிறுத்தக் கட்டணம், இரவுக் கட்டணம், காத்திருப்புக் கட்டணம் ஆகியவை அடங்குமா என்பதை எழுத்தில் பெறுங்கள். ஒரு குறுஞ்செய்தி போதும். அறிமுகமற்ற எண்ணுக்கு முழுத் தொகையையும் முன்கூட்டியே அனுப்ப வேண்டாம்.

மூன்றாவது, காரின் அமைப்பு. இதை எங்களைப் போன்றோர்தான் கூற வேண்டும். இடுப்பு மூட்டு மாற்றியவர் தாழ்வான இருக்கையில் அமரக்கூடாது. முழங்கால் வலியுள்ளவர் உயரமான வண்டியில் ஏற இயலாது. மூச்சிரைப்பு உள்ளவருக்கு முன்னிருக்கையைச் சற்றே சாய்த்து அமர்வது எளிது. மடக்கும் சக்கர நாற்காலி உடன் வருமானால் டிக்கியில் இடம் உண்டா என்று கேட்க வேண்டும். இயற்கை எரிவாயுவில் ஓடும் வாடகைக் கார்கள் பலவற்றில் எரிவாயு உருளையே டிக்கியின் பெரும்பகுதியை அடைத்திருக்கும். ஆஸ்துமா உள்ளவர் வருகிறார் என்றால், காரில் மாட்டியிருக்கும் வாசனைப் பொருளை அகற்றிவிடுமாறும், ஊதுவத்தி கொளுத்த வேண்டாம் என்றும் முன்னரே சொல்லுங்கள். நல்ல மனத்துடன் ஓட்டுநர் கொளுத்திவைத்த ஊதுவத்தியால் எங்கள் வாசலில் நெபுலைசர் கேட்டு வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

நான்காவது, வண்டியின் தகுதி. வாடகைக்கு ஓடும் காரின் எண் பலகை மஞ்சள் நிறத்தில் கறுப்பு எழுத்துகளுடன் இருக்கும். மின்சார வாடகைக் காருக்குப் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்துகள். வெள்ளைப் பலகை கொண்ட சொந்தக் காரில் கட்டணத்துக்கு ஏற அழைப்பவரிடம் மறுத்துவிடுங்கள். முனையத்தின் வாசலில் “எந்த ஆஸ்பத்திரிக்கு?” என்று கனிவாகக் கேட்டு, “அங்கே இன்று டாக்டர் இல்லை, நான் வேறு இடத்துக்கு அழைத்துப்போகிறேன்” என்று கூறும் தரகர்களும் உண்டு. நோயாளியின் கலக்கமே அவர்களின் முதலீடு. காத்திருக்கும் கார் ஒன்று இருந்தால் அவர்களோடு பேசவேண்டிய தேவையே எழாது.

காருடன் சேர்ந்த மற்றவை

கார் மட்டும் போதாது. சக்கர நாற்காலியை விமான நிறுவனத்திடம் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாகக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். நாற்காலியைத் தள்ளிவரும் பணியாளர் எதுவரை வருவார் என்பதைக் கேட்டு, அதற்கேற்பக் கார் நிற்குமிடத்தை முடிவு செய்யுங்கள். சக்கர நாற்காலியில் அமர்வதை இழிவாகக் கருதும் பெரியவர்களிடம் நாங்கள் ஒன்று சொல்வதுண்டு: “உங்கள் கால்களுக்காக அன்று ஐயா, உங்கள் மூச்சுக்காக.” பலர் அதன்பின் உடன்படுகிறார்கள்.

இன்ஹேலர், இன்சுலின், இதய மாத்திரைகள், வலிப்பு மாத்திரைகள், மருத்துவக் குறிப்புகள் ஆகியவை கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கறையில் செல்லும் பெட்டியில் இன்சுலின் உறைந்து கெட்டுப்போகக் கூடும். பயணம் செய்யும் நாளிலேயே வெறும் வயிற்றுப் பரிசோதனையை வைத்துக்கொள்ளாதீர்கள்; அதை மறுநாளுக்கு மாற்றித் தர நாங்கள் அணியமாக இருக்கிறோம். உண்ணாமல் விமானம் ஏறி, நெரிசலில் சிக்கி, சர்க்கரை குறைந்து மயங்கி வந்தவர் சிலர் உண்டு.

ஆக்சிஜன் தேவைப்படுவோர் ஒரு படி கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சொந்த உருளையை விமானத்தில் ஏற்றப் பொதுவாக இசைவு கிடைப்பதில்லை. மின்கலத்தில் இயங்கும் சிறு ஆக்சிஜன் கருவியை முன் அனுமதியுடன் எடுத்துவரலாம். பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மின்கலம் வேண்டும் என்பது பரவலான விதி. அந்தக் கணக்கில் விமானத்தில் இருக்கும் நேரத்தை மட்டும் சேர்த்துவிட்டுக் காரில் வரும் நேரத்தை மறந்துவிடுகிறார்கள். காரிலேயே உருளை வைக்க ஏற்பாடு செய்தால் கணக்கு எளிது: உருளையில் உள்ள லிட்டரை நிமிடத்துக்குத் தேவையான லிட்டரால் வகுக்க வேண்டும். 300 லிட்டர் கொண்ட சிறு உருளை, நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 150 நிமிடம் வரும். உருளை உருளாதவாறு கட்டப்பட்டிருக்க வேண்டும். காரில் யாரும் புகைக்கக் கூடாது.

நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணம் கால் நரம்புகளில் இரத்தம் உறையும் வாய்ப்பை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது. வளைகுடா நாடுகளிலிருந்து வந்து இறங்கி, உடனே வேலூர் போன்ற ஊருக்கு மேலும் மூன்று மணி நேரம் காரில் அமர்ந்து செல்வோர் வழியில் ஒருமுறை நிறுத்தி இறங்கி நடக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ தங்குமிடத்துக்குச் செல்லாமல் நேராக அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

தனிக் கார் போதாத நிலையும் உண்டு. படுத்தபடியே வர வேண்டியவர், அமர்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பவர், நினைவு மங்கியவர் ஆகியோருக்கு ஆம்புலன்ஸ்தான் பொருத்தம். அதற்கு விமான நிறுவனம், விமான நிலையம், மருத்துவமனை ஆகிய மூன்றும் முன்னரே பேசி முடிக்க வேண்டும். எனவே எங்களிடம் சில நாள் முன்னதாகவே தெரிவியுங்கள். வழியில் நெஞ்சு வலியோ மயக்கமோ ஏற்பட்டால் 108 எண்ணை அழையுங்கள். எங்கள் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும் என்று காத்திராமல் அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அதனால் உங்கள் முன்பதிவு பறிபோகாது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வருவோர் ஒரு நாள் முன்னதாக வருவது நன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் சில நாள்கள் மூடப்பட்டது; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் நீர் தேங்கி விமானங்கள் நின்றன. ஒரு வாரத்துக்குரிய மருந்தைக் கூடுதலாகக் கைப்பையில் வைத்திருப்பவர் அத்தகைய நாள்களில் கலங்க வேண்டியதில்லை.

செலவைப் பற்றி

“சிகிச்சைக்கே கடன் வாங்கி வருகிறோம், காருக்கும் செலவு செய்யச் சொல்கிறீர்களே” என்று சிலர் எங்களிடம் கூறியதுண்டு. அவ்வருத்தம் நியாயமானது. தனிக் காரின் கட்டணம் செயலிக் காரைவிட மிகுதியாக இருக்கலாம். அதனால்தான் எல்லோருக்கும் பரிந்துரைக்காமல், தேவையுள்ளவரைப் பிரித்துக் காட்டினோம். தேவையுள்ளவரிடம் நாங்கள் கூறுவது இது: தங்கும் அறையில் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்; உடன் வரும் நால்வரை இருவராக்குங்கள்; பெட்டிகளைக் குறையுங்கள். நோயாளி விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். போர்ட் பிளேர் முதியவரின் தீவிர சிகிச்சைக் கட்டணத்துக்கு அக்குடும்பம் பலமுறை காரில் வந்து சென்றிருக்கலாம். அதை எழுதும்போது எங்களுக்கே மனம் கூசுகிறது.

உறவினர் வந்து அழைத்துச் செல்வார் என்றால் அது பெரும்பேறு. எந்தக் கார் நிறுவனமும் அதற்கு ஈடாகாது. ஆனால் அலுவலகத்தில் அரை நாள் விடுப்புக் கேட்டு, நெரிசலில் சிக்கித் தாமதமாக வரும் மருமகனை நம்பி நோயாளி வாசலில் நிற்க நேர்வதும் உண்டு. மருமகன் விமான நிலையத்துக்கு வந்து வரவேற்கட்டும்; காரை வேறொருவர் ஓட்டட்டும். அப்போது அவர் நோயாளியின் அருகில் அமர்ந்து வரலாம்.

எங்கள் பங்கு

நோயாளிகளுக்கு அறிவுரை கூறிவிட்டு நாங்கள் ஒதுங்கிக்கொள்வது முறையாகாது. முன்பதிவை உறுதி செய்யும் தொலைபேசி அழைப்பிலேயே நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று எங்கள் நிர்வாகத்தை வலியுறுத்தி வருகிறோம்: எந்த விமானத்தில் வருகிறீர்கள், நூறு மீட்டர் நடக்க முடியுமா, ஆக்சிஜன் தேவையா, கார் ஏற்பாடு ஆகிவிட்டதா? இதற்கு இரண்டு நிமிடம் போதும். கார் இல்லை என்போருக்கு உதவ ஒருவர் இருக்க வேண்டும். அவ்வாறு உதவும்போது மருத்துவமனை எந்தக் கார் நிறுவனத்திடமிருந்தும் தரகு பெறலாகாது. எந்த நிறுவனத்தையும் கட்டாயமாக்கலாகாது. நோயாளியின் களைப்பு யாருக்கும் வருவாயாக மாறக்கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம்.

திரும்பும் பயணத்துக்கும் இவை பொருந்தும். வீடு திரும்பும் நாளில் கணக்கு முடித்துக் காகிதங்கள் கைக்கு வர நேரமாகும். எனவே அன்று மாலை விமானத்துக்குச் சீட்டு வாங்கிவிட்டு எங்களை விரட்டாதீர்கள். மறுநாள் விமானமே நல்லது. வயிற்றிலோ மார்பிலோ தையல் உள்ளவர் காரின் இருக்கைப் பட்டைக்கும் உடலுக்கும் இடையே சிறு தலையணை வைத்துக்கொள்ளலாம். பட்டையை அணியாமல் இருக்கலாகாது. நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து சிகிச்சை பெற்றவர் எங்கள் எழுத்து இசைவின்றி விமானம் ஏறக்கூடாது.

அந்த முதியவர் ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார். இம்முறை சக்கர நாற்காலியில் முனையத்தை விட்டு வெளியே வந்தார். பெயர்ப்பலகையுடன் ஓட்டுநர் நின்றிருந்தார். இன்ஹேலர் சட்டைப்பையில் இருந்தது. புறநோயாளர் அறைக்குள் நுழைந்து அமர்ந்தபோது அவரது ஆக்சிஜன் அளவு 93. அரை மணி நேரத்தில் பரிசோதனை முடிந்து, மகளோடு கடற்கரைக்குச் செல்வதாகக் கூறி எழுந்தார். எங்கள் முன்பதிவுக் கடிதத்திலும் இப்போது கூடுதலாக ஒரு வரி உள்ளது: உங்கள் காரை ஏற்பாடு செய்துவிட்டீர்களா?